வெங்காயப் பட்டறைத் தையல் வகுப்பு

திண்டுக்கல்லில் இருந்து வத்தலக்குண்டு போகிற பஸ்ஸில் கள்ளிமேட்டுப்பட்டி என்று கேட்டு இறங்கினால், ஊருக்குள் போகும் முன்பே உடையப்பனின் குரல் காதில் விழும். அவர் யாரோடும் சண்டை போடவில்லை. அவருக்குப் பேச்சே அப்படித்தான். பக்கத்தில் நிற்கிற ஆளிடம் பேசும்போதும் மூன்றாவது தோட்டத்துக்காரனையும் மனதில் வைத்துக்கொண்டு பேசுவார். மீசை நல்ல மீசை. அதைத் தடவிக்கொடுக்கும் வேலையைத் தவிர வீட்டுக்குள் அவர் கை வேறு எந்த வேலைக்கும் போனதில்லை. சட்டையில் பொத்தான் அறுந்தால் அந்தச் சட்டை அத்தோடு முடிந்தது என்று கொடியில் போட்டுவிட்டு, வெறும் துண்டோடு வெளியே கிளம்பிவிடுவார். பொத்தானை யாராவது தைத்து வைப்பார்கள். அந்த யாராவது அவர் மனைவி கருப்பம்மாள்.

கிணற்றுப் பாசனத்தில் வெங்காயம், மேட்டில் கடலை, நாலு மாடு. நிலம் உடையப்பன் பேரில் இருந்தது. விவசாயம் கருப்பம்மாள் கையில் இருந்தது. எந்த வயலுக்கு என்றைக்குத் தண்ணீர், எந்த மாடு எப்போது சினை என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். உடையப்பனுக்குத் தெரிந்தது நாட்டு நடப்பு. அதிலும் குறிப்பாக, அவருடைய சித்தப்பா மகன் நல்லுசாமி என்ன செய்கிறான் என்பது.

ஐம்பதுகளின் கடைசி அது. பிளாக் ஆபீஸ் என்று ஒன்று வந்து, ஜீப்பும் வந்து, கிராமங்களை முன்னேற்றுவது என்று முடிவாகியிருந்தது. நல்லுசாமி முந்திக்கொண்டான். மேலத்தெருச் சாவடிக்கு ஒரு ரேடியோ பெட்டியைக் கேட்டு வாங்கி மாட்டிவிட்டான். சாயங்காலமானால் ஊரே அங்கே போய் உட்கார்ந்து, மதராசில் என்ன விலை, டில்லியில் யார் வந்தார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்த பஞ்சாயத்துத் தேர்தலில் தலைவர் பதவிக்கு நிற்கப்போவதாகவும் நல்லுசாமி சாடையாகச் சொல்லியிருந்தான். அதே பதவியின் மேல் உடையப்பனுக்கும் ஒரு கண். ஆனால் கீழத்தெருவுக்கு அவர் இதுவரை கொண்டுவந்தது குரல் ஒன்றைத்தான்.

ஒரு நாள் காலையில் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு நேராகப் பிளாக் ஆபீசுக்குப் போனார்.

"எங்க தெருவுக்கு ஏதாச்சும் குடுங்க" என்றார் குமாஸ்தாவிடம்.

"என்ன வேணும்?"

"நல்லுசாமிக்குக் குடுத்ததை விடப் பெருசா."

குமாஸ்தா யோசித்தார். புகையில்லாத அடுப்பெல்லாம் போன வாரம்தான் போய்விட்டது. உரக்குழித் திட்டம் வேறு ஊருக்கு ஒதுக்கியாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அதை எந்த ஊரும் கேட்டு வாங்காததால் மேலதிகாரி தினமும் அவரைக் கடிந்துகொண்டிருந்தார்.

"மாதர் சங்கத் தையல் வகுப்பு இருக்கு. டீச்சரோட சேத்துக் குடுப்போம்."

"அது சர்க்காரு சமாச்சாரந்தான?"

"சுத்தமான சர்க்காரு."

"அப்பச் சரி. எங்க தெருவுக்கே போடுங்க."

"கன்வீனர் பொம்பளையா இருக்கணும். அம்மா பேரு என்ன?"

"கருப்பம்மா."

குமாஸ்தா 'ஸ்ரீமதி கருப்பம்மாள்' என்று எழுதிக்கொண்டார். உடையப்பன் பஸ்ஸைப் பிடித்து வந்து, வாசலில் நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி மனைவிக்குச் செய்தி சொன்னார்.

"ஏ புள்ள, உன்னையக் கன்வீனராப் போட்டிருக்கேன்!"

கருப்பம்மாள் கையெல்லாம் சாணியாக நிமிர்ந்தாள். "அப்படின்னா?"

அது அவருக்கும் தெரியாது. "பெரிய பதவி" என்றார்.

"அந்தப் பதவிக்குப் போயிட்டா இந்த மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் அனுப்புவாகளா?"

"அதெல்லாம் அனுப்ப மாட்டாக."

"அப்ப நீங்களே இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி குனிந்துகொண்டாள்.

தையல் டீச்சர் இஞ்ஞாசியம்மாள் அடுத்த வாரம் குடையும் பையுமாக வந்து இறங்கினாள். திண்டுக்கல் டவுன்காரி, முப்பது வயசு இருக்கும், கன்னியாஸ்திரீகளிடம் தையல் படித்தவள். மெல்லிய உருவம். குரலும் மெல்லியதுதான். ஆனால் ஒரு தடவை சொன்னதை அவள் இரண்டாம் தடவை சொல்ல வேண்டி வந்ததில்லை. வகுப்புக்கு இடம் என்று உடையப்பன், வெங்காயம் சேர்த்து வைக்கிற கொட்டகையான தன் பட்டறையை ஒழித்துக் கொடுத்தார். ஒழித்தது பாதிதான். மீதிப் பாதியில் ஆளுயரத்துக்கு வெங்காயம் குவிந்து கிடந்தது.

முதல் நாள் கூட்டம் அலைமோதியது. பெண்கள் எல்லாரும் தூக்குச்சட்டியும் சொம்புமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். சர்க்கார் பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டால் அது பால்பவுடர் கொடுக்கத்தான் என்பது அப்போது ஊரறிந்த சங்கதி. இஞ்ஞாசியம்மாள் ஆளுக்கு ஒரு ஊசியும் ஒரு முழத் துணியும் கொடுத்தாள். பேச்சாயி என்கிற வயசாளி துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"வடிகட்டுறதுக்கா டீச்சரம்மா? பவுடரு எங்க?"

பவுடர் இல்லை என்று தெரிந்த மறுநாள், கூட்டத்தில் பாதி குறைந்தது. அதற்கடுத்த நாள் மேட்டில் கடலை ஆயக் கூப்பிட்டார்கள்; மீதிப் பாதியும் அங்கே போய்விட்டது. கன்வீனர் முதல் நாளே வரவில்லை. இஞ்ஞாசியம்மாள் வெங்காயத்துக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

உடையப்பன் தெருத் தெருவாகப் போய்ச் சத்தம் போட்டுப் பார்த்தார். அவர் சத்தத்துக்கு எல்லாரும் பழகியிருந்தார்கள். கடைசியில் மனைவியிடமே வந்தார்.

"செத்த நேரம் போய் உக்காந்துட்டு வா புள்ள. என் மானம் போகுது."

"உங்க மானத்தை ஊசி நூலு வச்சு நானா தைக்கணும்? கடலைய யாரு ஆயிறது?"

அன்று மதியம் இஞ்ஞாசியம்மாள் அவரைக் கூப்பிட்டு விட்டாள். வகுப்பு நடக்கவில்லை என்றால் அவளை வேறு எங்காவது காட்டுக்குள் மாற்றிவிடுவார்கள்.

"ஐயா, திண்டுக்கல்லுல பொருட்காட்சி வருது. ஒவ்வொரு ஊருக் கன்வீனரும் எல்லாத் தையலும் போட்ட மாதிரித்துணி ஒண்ணு அனுப்பியாகணும். உங்க வீட்டம்மா வரலைன்னா வகுப்ப மேலத்தெருவுக்கு மாத்திரச் சொல்லிருக்காக. நல்லுசாமிங்கிறவரு கேட்டிருக்காராம்."

அந்தப் பேரைக் கேட்டதும் உடையப்பன் மீசை துடித்தது.

"மாதிரித்துணி எம்புட்டுப் பெருசு?"

அவள் காட்டினாள். கைக்குட்டையை விடக் கொஞ்சம் பெரியது.

"இம்புட்டுத்தானா! இதுக்கா இந்தப் பாடு? ஏரு புடிச்சு நேர்கோடு போடுறவனுக்கு இந்தத் துணியில கோடு போடத் தெரியாதா? கொண்டாங்க, நானே போடுறேன். பொழுது சாயுறதுக்குள்ள முடிச்சிருவோம்."

அவர் ஏர் பிடித்து வருஷம் பல ஆகியிருந்தது. ஆனால் அதைச் சொல்ல அங்கே கருப்பம்மாள் இல்லை.

இஞ்ஞாசியம்மாள் தயங்கினாள். ஆம்பளைக்கு வகுப்பு எடுக்கலாமா என்று எந்த உத்தரவிலும் இல்லை. கூடாது என்றும் இல்லை. கடைசியில் ஒப்புக்கொண்டாள். அடுத்து கதவு விஷயத்தில் தகராறு வந்தது. யாராவது பார்த்துவிடுவார்கள், கதவைச் சாத்த வேண்டும் என்றார் அவர். சாத்தினால்தான் பார்ப்பார்கள், கதவு திறந்தே இருக்கட்டும் என்றாள் அவள். பேசித் தீர்த்ததில், கதவு விரியத் திறந்திருக்க, அவள் வாசலுக்கு எதிரே முக்காலியில் உட்காருவதென்றும், அவர் வெங்காயக் குவியலுக்குப் பின்னால் சாக்கு விரித்து மறைந்துகொள்வதென்றும், தைத்ததைக் குவியலின் ஓரமாக நீட்டிக் காட்டுவதென்றும் முடிவாயிற்று.

பொழுது சாய்வதற்குள் அவர் ஊசியில் நூல் கோத்திருந்தார். அவ்வளவுதான் முடிந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் நூலும் ஊசிக் கண்ணும் கிட்டத்தில் வரும், வந்து ஒன்றுக்கொன்று வழி விட்டு விலகிப் போகும். கோத்த நூலையும் சும்மா விடவில்லை. அடிக்கடி கோக்க வேண்டாமே என்று பட்டறையின் இந்தச் சுவரில் இருந்து அந்தச் சுவர் வரைக்கும் உருவி எடுத்திருந்தார். இரண்டு குத்துக் குத்துவதற்குள் அது வெங்காயச் சருகோடு சேர்ந்து தேன்கூடு மாதிரி சிக்கிக்கொண்டது.

"கை நீளத்துக்கு மேல நூலு எடுக்கக் கூடாது" என்றாள் இஞ்ஞாசியம்மாள், குவியலைப் பார்த்து.

"எனக்குப் பெரிய கை."

"பெரிய கைன்னா பெரிய சிக்கலு. அறுத்துப் போட்டுட்டு மறுபடி கோத்துக்கங்க."

அவரிடம் அப்படி யாரும் பேசியதில்லை. கோபப்படுவதா என்று யோசித்தார். கோபப்பட்டால் குரல் எழும்பும். குரல் எழும்பினால் ஊர் வந்துவிடும். ஆகவே கோத்தார்.

முடிச்சுப் போடுவதற்கே தனிப் பாடம் இருந்தது. நூலின் நுனியை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, கட்டை விரலால் உருட்டி, இழுத்துவிட வேண்டும். அவர் கிணற்று வடத்துக்குப் போடுகிற முடிச்சைப் போட்டார். அது துணியையே கிழித்துக்கொண்டு உள்ளே போயிற்று. பிறகு ஓட்டுத் தையல் வந்தது. ஊசி மேலும் கீழுமாகப் போய்வர, மேலே தெரிகிற தையலும் இடையில் விடுகிற இடைவெளியும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அவருடைய முதல் வரிசை, கான்ட்ராக்டர் போட்ட ரோடு மாதிரி கொஞ்ச தூரம் நன்றாகப் போய், அப்புறம் ஓடைக்குள் இறங்கியது.

"பிரிச்சுப் போடுங்க" என்றாள் டீச்சர்.

பிரித்தார். மறுபடி தைத்தார். மறுபடி பிரிக்கச் சொன்னாள். குத்துப்படாத விரலே இல்லை என்றானதும், விரல் நுனியில் மாட்டிக்கொள்ளும் தகரக் குல்லாய் ஒன்றைக் கொடுத்தாள். அதை மாட்டியதும் அவருக்கு ஒரு கௌரவம் வந்தது. பதவிக்கு உண்டான சின்னம் மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அடுத்தடுத்த நாட்களில் என்ன நடந்தது என்று அவருக்கே தெளிவாகத் தெரியவில்லை. கெட்டித் தையல் பழகினார்; அரை எட்டுப் பின்னால் வந்து ஒரு எட்டு முன்னால் போகிற தையல் அது, இழுத்தாலும் அறுகாது. எம்மிங் பழகினார், துணியின் ஓரத்தை இரண்டாக மடித்து, மறுபக்கம் ஊசி போனதே தெரியாதபடி ஒற்றை இழையை மட்டும் கவ்வித் தைக்க வேண்டும். முதன்முதலாக ஒரு விரல் நீளத்துக்கு எம்மிங் ஒழுங்காக விழுந்தபோது, துணியைத் திருப்பிப் பார்த்தார். மறுபக்கம் ஒன்றுமே தெரியவில்லை. இத்தனை பாடுபட்டும் ஒன்றுமே தெரியாமல் இருப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கும் என்பது, எது செய்தாலும் ஊருக்குத் தெரிய வேண்டும் என்று வாழ்ந்த அந்த மனுஷனுக்குப் புதிசாக இருந்தது. மிச்ச ஓரத்தையும் மடித்து ஊசியைக் குத்தினார்.

ஊருக்கோ வேறு ஒன்று புதிசாக இருந்தது. பட்டறைப் பக்கம் போகிறவர்கள் திறந்த கதவு வழியாகப் பார்த்தால், டீச்சரம்மா தன்னந்தனியாக உட்கார்ந்து வெங்காயத்தோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"இப்படியா தைப்பாங்க? நெருக்கமாப் போடுங்க. ம்... இப்பப் பரவாயில்ல."

பேச்சாயி அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, படித்த பெண்ணுக்குக் காற்றுக் கருப்பு அடித்திருக்கிறது என்று வேப்பிலை தேடினாள். நல்லுசாமிக்கு அந்தச் சந்தேகம் இல்லை. பகல் முழுக்க உடையப்பன் குரல் ஊரில் கேட்கவில்லை என்பதை அவன் கவனித்திருந்தான். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, சாவடியில் ரேடியோ நின்ற பிறகு, டீச்சரையும் உடையப்பனையும் முடிச்சுப் போட்டு அவன் ஒரு செய்தி வாசித்தான். அது கருப்பம்மாள் காதுக்கு வந்து சேர வெகுநேரம் ஆகவில்லை.

அவள் அழவுமில்லை, கத்தவுமில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் களைக்கொத்தோடு பட்டறையின் பின்பக்கமாக வந்தாள். காற்றோட்டத்துக்காகப் பட்டறைச் சுவரில் மூங்கில் தப்பை இடைவெளி விட்டுக் கட்டியிருக்கும். அதன் வழியே எட்டிப் பார்த்தாள்.

அவளுடைய வீட்டுக்காரர் சாக்கின் மேல் சம்மணம் போட்டு, நாக்கை ஒரு ஓரமாக வெளியே நீட்டிக்கொண்டு, துணியில் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். காஜா என்றால் பொத்தான் நுழைகிற ஓட்டை. அதன் வாய் பிரியாமல் இருக்கச் சுற்றிலும் நூலை வளைத்து முடிச்சு முடிச்சாகக் கட்டி வர வேண்டும். கண்ணில் வெங்காய நெடி, தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எட்டத்தில் டீச்சர் குடையால் விசிறிக்கொண்டே, "மூலையில சுருங்கிப் போச்சு. பிரிங்க" என்றாள்.

"பிரிக்கிறேன் டீச்சரம்மா" என்றார் உடையப்பன், பூனைக்குட்டி மாதிரி.

கருப்பம்மாள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயில் முந்தானையைத் திணித்தும் சிரிப்பு அடங்கவில்லை. உள்ளே இருந்து, "யாரு அங்க?" என்று குரல் வந்தது.

"கன்வீனரு!" என்றாள்.

அன்றைக்குச் சோற்றுக்கு வெஞ்சனம் வைக்கும்போது அவள், "என் ரவிக்கை கக்கத்துல விட்டுப் போச்சு" என்று பொதுவாகச் சொன்னாள்.

"அதுக்கு?"

"பட்டறை ஆணியில மாட்டிருக்கேன். கெட்டித் தையலாப் போடுங்க."

அவர் முறைத்தார். மறுநாள் ரவிக்கை தைத்து ஆணியில் தொங்கியது. அதற்கு மறுநாள் ஆணியில் இரண்டு பாவாடையும் ஒரு தலையணை உறையும் இருந்தன.

பொருட்காட்சி திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. பூசணிக்காய் ஒரு பக்கம், கோழி ஒரு பக்கம், மாதர் சங்கங்களின் மாதிரித்துணி ஒரு பக்கம். அட்டையில் ஒட்டி, 'ஸ்ரீமதி கருப்பம்மாள், கள்ளிமேட்டுப்பட்டி' என்று எழுதித் தொங்கவிட்டிருந்த துணிக்கு முதல் பரிசு கிடைத்தது. மதுரையில் இருந்து வந்திருந்த ஒரு பெரிய அதிகாரியின் மனைவி பரிசு கொடுக்க மேடையில் உட்கார்ந்திருந்தார். ஊரில் இருந்து ஒரு பஸ் நிறைய ஆள் வந்திருந்தது, நல்லுசாமியும் வந்திருந்தான். முன்வரிசையில் உடையப்பன் உட்கார்ந்து, தன் துணி எந்த அட்டையில் இருக்கிறது என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கருப்பம்மாள் மேடைக்குப் போனாள். எவர்சில்வர் குடத்தை அவள் கையில் கொடுத்த அந்த அம்மாள், மைக்கைப் பார்த்து, "எல்லாச் சகோதரிகளும் தெரிந்துகொள்ளட்டும். இவ்வளவு அழகான காஜாவை எப்படித் தைத்தீர்கள் என்று சொல்லுங்கள்" என்றார்.

கருப்பம்மாளுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதல்ல. மாட்டு வியாபாரியிடம் சளைக்காமல் சொல்வாள். ஆனால் குடம் அவளுக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்லி வாங்கின குடத்தில் தண்ணீர் எடுக்க அவளுக்கு மனசில்லை.

"அம்மா, இதை நான் தைக்கலைங்க. எங்க வீட்டுக்காரருதான் தச்சாரு."

முன்வரிசையில் உடையப்பனுக்கு உள்ளங்காலில் இருந்து வேர்த்தது. மேடையில் அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது.

"பார்த்தீர்களா! தன் திறமையைக்கூடக் கணவருக்கே சமர்ப்பிக்கிறார். இதுவல்லவா நம் பெண்களின் பண்பு!"

கைதட்டல் கிளம்பியது. கருப்பம்மாள் திகைத்துப் போய் மறுபடியும் மைக்கைப் பிடித்தாள்.

"நெசமாத்தாங்க சொல்றேன். எனக்கு ஊசியில நூலு கோக்கக்கூடப் பொழுதில்ல. அந்தா மீசையோட உக்காந்திருக்காரு பாருங்க, அவரு தச்சதுங்க."

கைதட்டல் இரண்டு மடங்காயிற்று. அதிகாரியின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடக்கத்தைப் பற்றி நீளமாக ஒரு பிரசங்கம் நடந்தது. மேடையோரத்தில் நின்ற இஞ்ஞாசியம்மாள், குடைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். கருப்பம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்து, கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்கிறாக. நான் என்ன செய்ய?"

உடையப்பனுக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே ஏதோ ஒன்று சுருக்கென்று குத்தவும் செய்தது. அத்தனை பேர் எதிரே தன் மானம் தப்பியது நல்லதுதான். ஆனால் அத்தனை பேர் எதிரே தன் காஜாவைப் புகழ்ந்தும், ஒருத்தனாவது தன் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லையே.

தேர்தல் வந்தது. உடையப்பன் பூட்டுச் சின்னம், நல்லுசாமி குடைச் சின்னம். ஆரம்பத்தில் காற்று கீழத்தெருப் பக்கம்தான் அடித்தது. ஊருக்கு எவர்சில்வர் குடம் கொண்டுவந்த வீடு என்று பேர் இருந்தது. நல்லுசாமி விசாரித்துப் பார்த்தான். வெங்காயத்தோடு டீச்சர் பேசியதும், மேடையில் கருப்பம்மாள் சொன்னதும் அவனுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. உடையப்பன் ஊசி பிடித்தார் என்பதை அவனாலேயே நம்ப முடியவில்லை. ஆகவே அவனுக்குத் தோன்றிய ஒரே விளக்கத்தை, ஒரு சாயங்காலம் சாவடியில் கூட்டம் போட்டுச் சொன்னான்.

"பெரியோர்களே! அந்தத் துணிய அவங்க வீட்ல தைக்கல. கருப்பம்மா மதினியே தைக்கலைன்னு சொல்லிருச்சு. அப்ப யாரு தச்சது? திண்டுக்கல் கடைவீதியில தையல்காரன்கிட்டக் குடுத்து, மிஷின்ல அடிச்சு வாங்கியாந்து, ஊரை ஏமாத்திருக்காரு எங்க அண்ணன்!"

உடையப்பன் கூட்டத்தின் பின்னால், இருட்டோரமாகத் துண்டைப் போர்த்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஏமாற்றினார் என்றது அவரைத் தொடவில்லை. அரசியலில் அதெல்லாம் சகஜம். மிஷின்ல அடிச்சது என்றானே, அதுதான் உச்சந்தலையில் போய் உட்கார்ந்தது.

"ஏலே நல்லு!"

பழைய குரல். சாவடிக் கூரையில் இருந்த புறாவெல்லாம் பறந்தது.

"மிஷினாடா? அந்தக் காஜாவப் பாத்தா மிஷின் மாதிரியா தெரியுது உனக்கு? அது கையிடா! இந்தக் கை! நான் தச்சேன். வெங்காயத்துக்குப் பின்னால உக்காந்து, அழுது அழுது தச்சேன்!"

கூட்டம் வாயைப் பிளந்தது. அவர் யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்குப் போனார். நல்லுசாமியின் சட்டையில் நெஞ்சுக்கு நேரே ஒரு பொத்தான் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. காஜாவும் வாய் பிளந்து கிடந்தது. உடையப்பன் தன் சட்டைக் காலருக்குள் கையை விட்டு ஊசியை உருவினார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஒரே தடவையில் நூல் கோத்தார்.

"அசையாத. அசைஞ்சா நெஞ்சுல ஏறிரும்."

நல்லுசாமி அசையவில்லை. இரண்டு கையையும் அகட்டிக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்து நின்றான். அந்தத் தேர்தல் முழுக்க அவன் பேசாமல் இருந்த நேரம் அது ஒன்றுதான். உடையப்பன் நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, பொத்தானைத் தைத்து, காஜாவின் வாயைக் கட்டி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"இழுத்துப் பாரு."

நல்லுசாமி பொத்தானை இழுத்துப் பார்த்தான். அது அசையவில்லை. பெண்கள் பக்கத்தில் இருந்து யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாருமே சிரித்தார்கள். சிரிப்பு அடங்க அந்தச் சாயங்காலம் போதவில்லை.

தேர்தலில் உடையப்பன் தோற்றுப் போனார். ஊசி பிடித்த கை பஞ்சாயத்தை எப்படிப் பிடிக்கும் என்று ஆம்பளைகள் மொத்தமும் கேட்டார்கள். ரவிக்கையும் பாவாடையும் கொண்டுவந்து தைத்து வாங்கிக்கொண்டு, "உங்களுக்குத்தான் மாமா" என்று சொல்லிவிட்டுப் போன பெண்கள், வீட்டுக்காரர் சொன்ன சின்னத்தில் குத்திவிட்டு வந்தார்கள். நல்லுசாமி தலைவரானான். பதவியேற்புக்கு அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனான். இருந்ததில் பொத்தான் உறுதியாக இருந்த சட்டை அது ஒன்றுதான்.

இஞ்ஞாசியம்மாளுக்கு அந்த வருஷமே மாற்றல் வந்தது. தண்டனை இல்லை, வகுப்பை வெற்றிகரமாக நடத்தியதற்காகப் பழனிப் பக்கம், பாலசமுத்திரத்தில் இன்னும் பெரிய வகுப்பு கொடுத்தார்கள். போகும்போது உடையப்பனிடம் சொல்லிக்கொள்ள வந்தாள்.

"நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன் ஐயா. எதுத்துப் பேசாமப் பிரிச்சது நீங்க ஒருத்தர்தான்."

"எதுத்துப் பேசியிருப்பேன் டீச்சரம்மா. கதவைத் திறந்துல்ல வச்சிருந்தீக" என்றார் அவர். அவள் பஸ் ஏறிப் போன பிறகும் ரோட்டோரமாகவே கொஞ்ச நேரம் நின்றிருந்தார்.

தோல்விக்காக அவர் நினைத்த அளவு துக்கப்படவில்லை. செய்ய வேலை இருந்தது. வீட்டில் கிழிந்தது எல்லாம் அவர் பொறுப்பில் வந்திருந்தது. இதில் அவருக்கு ஒரு புதுக் கொள்கையும் பிறந்தது. தையல் என்பது இயல்பாகவே ஆம்பளைக்கு உண்டான காரியம். அதற்கு வேண்டிய நிதானமும் நெஞ்சுறுதியும் பெண்களுக்குக் கிடையாது என்று, வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் சொல்ல ஆரம்பித்தார். கருப்பம்மாளோ, "ஆமா, எங்களுக்கு எங்க வரும்" என்று சொல்லி, கிழிந்த சாக்குகளையும் கொண்டுவந்து அவர் முன்னால் அடுக்கினாள். எவர்சில்வர் குடத்தில் தண்ணீர் எடுக்கும்போது மட்டும் தானாகச் சிரித்துக்கொள்வாள்.

அறுபதுகளில் மகள் சண்முகவள்ளியைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை, ரெட்டியார்சத்திரத்து வீட்டுக்கு ஒரு தையல் மிஷின் வாங்கினார். மாமனார் சந்தோஷப்படுவார் என்று கூட்டிப் போய்க் காட்டினார். உடையப்பன் அதைச் சுற்றி வந்து பார்த்தார். மிஷினில் தைத்து, அடிநூல் தளர்ந்திருந்த பாவாடை ஓரத்தைக் கையில் எடுத்து, நகத்தால் ஒரு நூலைக் கிளப்பி இழுத்தார். விளிம்பு முழுக்கச் சரசரவென்று பிரிந்து வந்தது.

"ஒரு நூலு போனா அம்புட்டும் போச்சு. இதுவா தையலு?" என்று சொல்லிவிட்டு, மகள் தடுக்கத் தடுக்க, அந்தப் பாவாடையை மடியில் போட்டுக்கொண்டு எம்மிங் பண்ண உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை அதற்குப் பிறகு அவர் வருகிற நாளில் மிஷின் மேல் போர்வையைப் போட்டு மூடி, நெல் மூட்டை என்று சொல்லிவந்தார்.

அப்படி ஒரு தடவை மகளைப் பார்த்துவிட்டு, திண்டுக்கல்லில் பஸ் மாறி ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள், வத்தலக்குண்டு போகிறவர். அவர் சட்டையின் கைப் பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. உடையப்பன் ஜன்னலைப் பார்த்தார், கண்டக்டரைப் பார்த்தார், எதைப் பார்த்தாலும் கண் அங்கேயே வந்து நின்றது.

"தம்பி, கையக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்க சொல்றேன்."

கைரேகை பார்க்கிறவராக்கும் இவர் என்று நினைத்து அந்த ஆள் கையை நீட்டினார். ஊசியைக் கண்டதும் இழுக்கப் பார்த்தார், பிடி விடவில்லை. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அந்த ஆள் "ஐயோ" என்று அலறினார். டிரைவர் பிரேக் போட்டார். பஸ் முழுக்க எழுந்து நின்றது. பிக்பாக்கெட் என்று ஒருத்தர், பைத்தியம் என்று இன்னொருத்தர். கண்டக்டர் விசில் ஊதினான். அத்தனை சத்தத்துக்கு நடுவில் உடையப்பன் குனிந்தபடியே, "இன்னும் ரெண்டு குத்துத்தான், ஆட்டாதீக" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முடிச்சைப் போட்டு, நூலைக் கடித்து அறுத்து, கையைத் திருப்பிக் கொடுத்தார்.

கள்ளிமேட்டுப்பட்டி வந்ததும் கண்டக்டர் அவரைத் திட்டிக்கொண்டே இறக்கிவிட்டான். பஸ் கிளம்பியது. வெள்ளைச் சட்டைக்காரர் ஜன்னலில் தலையை நீட்டிக் கடைசியாக ஒரு வசவு வைய வாயைத் திறந்தவர், தற்செயலாகத் தன் கைப் பொத்தானைப் பார்த்தார். அதை இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை பலமாக இழுத்துப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார்.